பாதையை விட்டு இறங்கிய நாள்

எங்கள் ஊருக்கு நடுவால் போகும் பெருந்தெருவுக்குக் கண்டி வீதி என்று பெயர். பத்திரிகைகள் ஏ9 என்று எழுதும். ஊரில் எவரும் அப்படிச் சொல்வதில்லை. யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைத்து, கிளிநொச்சி, வவுனியா, தம்புள்ளை, மாத்தளை வழியாக முந்நூறு கிலோமீற்றருக்கும் அதிகமாக ஓடுகிற வீதி அது. அதன் ஓரத்தில் பிறந்து, அதை விட்டுப் பலமுறை ஓடி, பலமுறை திரும்பி வந்தவள் நான். ஆனாலும் நாற்பத்தைந்து வயதுவரை கண்டியைக் கண்டதில்லை.

இத்தனைக்கும் என் அம்மா பிறந்தது கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில்தான். 1977 ஆவணிக் கலவரத்துக்குப் பின் இரண்டு துணி மூட்டைகளுடன் கிளிநொச்சிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் 1979இல் வன்னியில் பிறந்தேன். பனி, அட்டை, கொழுந்துக் கூடை, லயம், பிரட்டுக்களம் என்று அம்மா சொன்ன சொற்களெல்லாம் எனக்கு ஏதோ கதைப் புத்தகத்துச் சொற்களாகவே இருந்தன. "அங்க நாங்க வெறுங்காலோட எங்க வேணும்னாலும் ஏறிப் போவோம்" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அம்மாவின் முகம் மாறிவிடும்.

எனக்கு அப்படியொரு நடை வாய்க்கவில்லை. உங்களில் பலருக்கும் வாய்த்திருக்காது. 2002இல் கண்டி வீதி திறக்கப்பட்டபோது முதல் பஸ்களில் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: தாரை விட்டுக் கீழே இறங்காதே என்பதுதான் கட்டளை. ஆண்கள் எப்படியோ சமாளித்தார்கள். சிறுநீரை அடக்கிக்கொண்டு மணிக்கணக்கில் இருந்த பெண்களின் பாட்டை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. பிறகு 2010இல் செட்டிக்குளம் முகாமிலிருந்து மீள்குடியேறியபோது, பாடசாலை மரத்தடியில் இருத்தி எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். கண்டறியாத பொருளைத் தொடக்கூடாது, மற்றவர்கள் நடக்காத இடத்தில் நடக்கக்கூடாது, சந்தேகம் வந்தால் அசையாமல் நின்று வந்த காலடியிலேயே திரும்ப வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். சிவப்புப் பலகையில் மண்டையோட்டுப் படம். மகளுக்கு அப்போது எட்டு வயது. தகப்பன் இல்லாத பிள்ளை. படத்தைப் பார்த்து ஏன் அது சிரிக்குது என்று கேட்டாள்.

அடுத்த ஆண்டு அயல்வீட்டு அக்கா விறகு பொறுக்கப் போய் வலது பாதத்தை இழந்தார். எங்கள் வேலியிலிருந்து கூப்பிடு தூரம். சத்தம் கேட்டதும் ஓடியவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் நின்றுவிட்டோம். அவர் கிடந்த இடம் தெரிகிறது, குரல் கேட்கிறது, ஆனால் அங்கே போக ஒற்றையடிப் பாதை இல்லை. அந்த நிமிடத்துக்குப் பிறகு நான் தடம் இல்லாத இடத்தில் கால் வைத்ததில்லை. நிலம் துப்புரவு செய்யப்பட்டது என்று கடிதம் தந்த பிறகும் வைத்ததில்லை. சின்னம்மாவின் மகள் முகமாலைப் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போனவள். எங்களைப் போன்ற குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் பலர் அந்த வேலையில் இருந்தார்கள். முழங்காலில் இருந்து, வாரியால் மண்ணை மெல்ல மெல்ல வாரி, நாள் முழுக்க வேலை செய்தால் சில பாய்கள் விரிக்கிற அளவு நிலம்தான் தேறும் என்பாள். இலங்கை 2017இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. நிலம் மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது. கால்தான் நம்பமாட்டேன் என்கிறது.

மகள் இப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடத்தில் படிக்கிறாள். பாறைகளைப் பற்றிய படிப்பு. 2025 தைப்பொங்கல் முடிந்து திரும்பிப் போனவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அம்மா, மாசியில மழை குறைவு. வாங்கோ, ஹந்தானைக்கு ஏறுவம்."

ஹந்தானை கண்டி நகருக்குத் தெற்கே சுவர் போல நிற்கிற மலைத்தொடர். ஏழு சிகரங்கள் என்று எண்ணுவார்கள். உயர்ந்த இடம் ஏறத்தாழ 3,800 அடி. ஒரு பக்கத்து அடிவாரத்தில் கண்டி நகரம், மறுபக்கத்தில் பல்கலைக்கழகம். பேராதனையில் படித்த எவரைக் கேட்டாலும் ஹந்தானையைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள். 2010இல் இதைச் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்தார்கள். நான் மறுத்துப் பார்த்தேன். மலை ஏறுகிற வயதா, சீலையோடு ஏறுவதா என்றெல்லாம் சாட்டுச் சொன்னேன். "சுடிதார் போடுங்கோ, சப்பாத்து நான் தாறன்" என்று முடித்துவிட்டாள்.

காலை ஏழு மணிக்குக் கண்டிப் பெரியாஸ்பத்திரிப் பக்கமிருந்து ஹந்தானை வீதியால் ஓட்டோவில் வெளிக்கிட்டோம். மகளும் அவளுடைய சிநேகிதிகள் இருவரும் நானும். ஒரு பிள்ளை மட்டக்களப்பு, மற்றது மாவனெல்லைச் சிங்களப் பிள்ளை. நகரிலிருந்து மூன்று மைல் அளவில் தேயிலை அருங்காட்சியகம் வருகிறது. 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலையை 2001 முதல் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 1867இல் லூல்கந்துராவில் முதன்முதலாகத் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெயிலரின் பொருட்கள் உள்ளே உண்டு. அம்மாவின் அம்மாவைப் போன்றவர்கள் சுமந்த கூடைகளைப் பற்றி யோசித்துக்கொண்டு வெளியில் நின்றேன். அங்கிருந்து நடை. தேயிலைக்கு நடுவே போகும் தோட்டத்து வீதி, பிறகு படிகள், பிறகு பைனஸ் மரக் காடு. பைனஸ் இலை உதிர்ந்து மெத்தை போலக் கிடக்கும். மழை இல்லாத நாளிலும் அது சப்பாத்தை வழுக்கும்.

காடு முடிந்ததும் மானாப்புல். ஆள் உயரத்துக்கு மேல். அதற்குள் ஒருவர் பின் ஒருவராகப் போகும் ஒற்றையடித் தடம். அதுவரை எனக்குப் பயமில்லை. தடம் இருந்தது, தடத்தில் சப்பாத்து அடையாளங்கள் இருந்தன. ஓரிடத்தில் தடம் இரண்டாகப் பிரிந்து, இரண்டுமே புல்லுக்குள் மறைந்துபோயின. மேலே, ஒரு ஐம்பது யார் தள்ளி, யானை முதுகு போல வெறும் பாறை தெரிந்தது. மகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது பக்கமாகப் புல்லை விலக்கிக்கொண்டு இறங்கினாள்.

நான் கத்திவிட்டேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று ஞாபகமில்லை. "நில்லு" என்று கத்தினதாகப் பிள்ளைகள் பிறகு சொன்னார்கள். மகள் அப்படியே நின்றாள். ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். எட்டு வயதில் மரத்தடி வகுப்பில் படித்தது அவளுடைய உடம்பிலும் இருந்திருக்கிறது. மாவனெல்லைப் பிள்ளை பாம்பு என்று நினைத்து அவளும் நின்றுவிட்டாள். மூவரும் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு நான் கடமைப்பட்டவள்.

"அம்மா, இது கண்டி" என்றாள் மகள்.

தெரியும் என்றேன். தெரிந்தும் கால் வரவில்லை. தொடை நடுங்கியது. கீழே தேயிலைக்குள் யாரோ வானொலி கேட்டுக்கொண்டு கொழுந்து எடுக்கிறார்கள், நான் புல்லைப் பார்த்தபடி நிற்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் சொன்னாள்: "அம்மா, அந்தப் பாறைக்கு மட்டும் வாங்கோ. பாறைக்குள்ள ஒண்டையும் புதைக்கேலாது."

இந்த ஒரு வசனம் எனக்குப் போதுமாக இருந்தது. புல்லுக்குள் அவளுடைய காலடி பதிந்த இடங்களைப் பார்த்துப் பார்த்து, அவற்றின்மேலேயே என் காலை வைத்து, ஐம்பது யாரையும் கடந்தேன். எவ்வளவு நேரம் பிடித்ததென்று கேட்காதீர்கள். பாறையில் முதல் கால் பட்டபோது, மிதந்துவந்த வள்ளத்திலிருந்து கரையில் இறங்கியது போலிருந்தது.

பிறகு ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் நாங்கள் பாதை என்று ஒன்றும் இல்லாமல் பாறைமேல் நடந்தோம். ஒரு பாறை முடிய, புல் ஒரு விரிப்பு, மறுபடி பாறை. வன்னியில் பிறந்த எனக்கு இவ்வளவு பெரிய பாறையே புதிது. சாம்பல் நிறம், இடையிடையே மழைநீர் வழிந்த கறுப்புக் கோடுகள், வெள்ளையும் பச்சையுமாகப் பாசிப் பொட்டுகள். கிட்டக் குனிந்து பார்த்தால் சில இடங்களில் மாதுளம் விதை போலச் சிவப்புப் புள்ளிகள். கார்னெற் என்ற கல்லாம். இந்தப் பாறைகள் நிலத்துக்கு அடியில் பல கிலோமீற்றர் ஆழத்தில், பயங்கரமான சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. அது நடந்து ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள் என்றாள் மகள். மேலே இருந்த சுமை தேய்ந்து போகப் போகப் பாறை வெங்காயம் போலத் தகடு தகடாக உரியும், அதனால்தான் இப்படி வளைந்து மொழுமொழுவென்று இருக்கிறது, மண் தங்குவதில்லை என்றாள். கண்டிப் பக்கத்துப் பாறைகளில் ஒரு வகைக்குச் சார்னொக்கைற்று என்று பெயர். கல்கத்தாவில் ஜோப் சார்னொக் என்ற வெள்ளைக்காரனின் சமாதிக் கல் அந்த வகையாம். அதே கல் சென்னைப் பறங்கிமலையிலும் உண்டு. சமாதிக் கல்லை வைத்து ஒரு பாறைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள் என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு முதல் சிரிப்பு.

அவள் இன்னொன்றும் சொன்னாள். அமெரிக்காவில் யூட்டா என்ற மாநிலத்தில் பாலைவனம் முழுக்க வெறும் மணற்கல் பாறையாம். முதலில் அங்கே குடியேறியவர்களின் குதிரைகள் இரும்பு லாடத்தோடு வழுக்கியதால் அதற்கு வழுக்குப்பாறை என்றே பெயர். பாதையில்லாமல் நாள் முழுக்க அந்தப் பாறைமேல் நடந்து மலைமுகட்டுக்குப் போகிறவர்கள், சிறு கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்து வழியை அடையாளம் வைப்பார்களாம். அங்கேயும் மண்ணில் கால் வைக்காதே, பாறையிலேயே நட என்றுதான் சொல்லிக் கொடுக்கிறார்கள். காரணம் வேறு. அந்தப் பாலைவனத்து மண்ணின் மேல் நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்த மெல்லிய உயிர்ப்படை ஒன்று இருக்கிறது. ஒரு காலடி பட்டுச் சிதைந்தால் அது மறுபடி வளரப் பல ஆண்டுகள் எடுக்கும். அங்கே மனிதர்கள் மண்ணுக்காகப் பயப்படுகிறார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். எந்த இடத்தில் காலடி பார்ப்பதை விட்டேன் என்று தெரியவில்லை.

இரண்டாவது பாறைச் சரிவில் ஒரு வயதான அம்மாவைச் சந்தித்தோம். கீழ்த் தோட்டத்து லயத்தில் இருப்பவர். வெறுங்கால். தலையில் விறகுக் கட்டு. தடம் ஒன்றும் இல்லாத இடத்தால், புல்லை மிதித்துக்கொண்டு, எங்களை நோக்கி நேராக வந்தார். அவர் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் எனக்கு மூச்சு நின்று நின்று வந்தது. விறகுக் கட்டை இறக்கிவைத்துவிட்டு எங்களைப் பார்த்து, "கறுப்பா கோடு இருக்குதுல்ல, அதுல கால வைக்காதீங்க. காஞ்ச மாதிரி இருக்கும், வழுக்கிரும். வெள்ளையா இருக்கிற எடத்துல முழுப் பாதத்தையும் வச்சு நடங்க புள்ள. இறங்கும்போது வெக்கப்படாம உக்காந்து இறங்குங்க" என்றார். மலையேற்றப் புத்தகங்களில் இருப்பதும் இதுதான் என்று மகள் பிறகு சொன்னாள்.

எந்த ஊர் என்று கேட்டார். கிளிநொச்சி என்றேன். விறகுக் கட்டில் கைவைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "எங்க அண்ணன் குடும்பமும் 77ல அங்கதான் போச்சு. ரெண்டு மூணு காயிதம் போட்டாரு. அப்புறம் ஒண்ணும் வரல. உசுரோட இருக்காங்களான்னு யாருகிட்ட கேக்கறது?" என்றார். அண்ணனின் பெயரையும் அண்ணியின் பெயரையும் சொன்னார். பிஸ்கற் பெட்டியைக் கிழித்து மகளின் பேனையால் எழுதிக்கொண்டேன். அவருடைய பேத்தியின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக்கொண்டேன். பாதி வழி வரை அவரே எங்களோடு வந்தார். நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். விறகு பொறுக்கப் போன ஒரு பெண்ணின் பின்னால், தடம் இல்லாத மலையில்.

முகட்டுக்கு வந்தபோது பத்தரை மணி. காற்று துப்பட்டாவைப் பிடுங்கியது. வடக்கே கண்டிக் குளமும், அதன் கரையில் தலதா மாளிகையும், பைரவகந்தையில் இருக்கும் பெரிய வெள்ளைப் புத்தர் சிலையும் விளையாட்டுச் சாமான்கள் போலத் தெரிந்தன. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த குளம் அது. மறுபக்கத்தில் மரங்களுக்குள் பல்கலைக்கழகக் கூரைகளும் மகாவலியின் வளைவும். தூரத்தில் நக்கிள்ஸ் மலைகள். மடித்த கைமுட்டி போல இருப்பதால் வெள்ளையர் வைத்த பெயர். வானம் நன்றாகத் துலங்கினால் சிவனொளிபாதமலையும் தெரியுமாம். அன்றைக்குத் தெரியவில்லை.

பிள்ளைகள் ஓரத்தில் நின்று படம் எடுத்தார்கள். நான் இருந்துவிட்டேன். மயக்கமில்லை. வெட்டவெளியில், உயரத்தில், ஆள் தெரிய நிற்பது என்றால் எங்களுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2009இன் அந்த மாதங்களில் மேலே இரைந்துகொண்டு சுற்றும் வேவு விமானத்தை வண்டு என்போம். வண்டுச் சத்தம் கேட்டால் குனிந்து மரத்தடிக்கு ஓடுவோம். பதினாறு வருடம் கழித்தும் முதுகு தானாகக் குனிகிறது. சோறும் சம்பலும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். இருந்தபடியே சாப்பிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவியபின் சப்பாத்தைக் கழற்றினேன். பாறை வெயிலில் இளஞ்சூடாக இருந்தது. எழும்பி, வெறுங்காலோடு, ஓரத்தில் நின்ற பிள்ளைகள் வரை நடந்து போனேன். பதினைந்து அடி இருக்கும். மகள் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தனியாகப் போகவேண்டாம். இடம் தெரிந்த ஒருவர் கட்டாயம் கூட இருக்கவேண்டும். மத்தியானத்துக்குப் பிறகு முகில் இறங்கினால் கைக்கெட்டின தூரம் தெரியாது. ஹந்தானையில் வழிதவறிய மாணவர்களைத் தேடி மீட்ட செய்திகள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. ஆகவே விடியவே வெளிக்கிட்டு இரண்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள். மழை பெய்த பாறையில் ஏறவே வேண்டாம். குளவிக்கூடு கண்டால் சத்தம் போடாமல் விலகுங்கள். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும். மேலே கழிப்பறை கிடையாது. அருங்காட்சியகப் பக்கத்திலேயே போய்விட்டு ஏறுவது நல்லது. தண்ணீர் ஆளுக்கு இரண்டு போத்தலாவது வேண்டும். காய்ந்த மானாப்புல் சட்டென்று தீப்பிடிக்கும், நெருப்பு மூட்டவேண்டாம். அத்தோடு, நாங்கள் ஏறியது 2025 மாசியில். அதே ஆண்டு கார்த்திகைக் கடைசியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் கண்டி மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் போயின. ஆகவே பழைய வழிகள் இப்போது எப்படி இருக்கின்றன என்று அங்கே இருப்பவர்களிடம் விசாரித்த பிறகே போங்கள்.

சூறாவளிச் செய்தி கேட்டதும் அந்தப் பேத்தியின் இலக்கத்துக்குத்தான் எடுத்தேன். இரண்டு நாள் தொடர்பு கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அந்த அம்மாவே பேசினார். பாடசாலையொன்றில் இருந்தார்களாம், லயத்துக்குப் பின்பக்க மண் இடிந்ததாம், ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அதைச் சொல்லி முடித்ததும், "அண்ணனப் பத்தி ஏதாச்சும்?" என்று கேட்டார்.

அந்தப் பிஸ்கற் பெட்டித் துண்டை வீட்டுக்கு வந்த அன்றே அம்மாவிடம் கொடுத்திருந்தேன். மலையில் வெறுங்காலோடு நடந்ததைச் சொன்னபோதுகூட அம்மா அவ்வளவு கேட்கவில்லை. துண்டை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். மறுநாளிலிருந்து பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் என்று 77இல் வந்த குடும்பங்கள் இருக்கிற ஊரெல்லாம் விசாரிக்கத் தொடங்கினார். எழுபதைத் தாண்டிய மனுசி, வெயிலென்றும் பாராமல் போவார், வருவார். கடைசியில் பாரதிபுரத்தில் ஒரு முதியவர் அந்த அண்ணனை ஞாபகம் வைத்திருந்தார். 1990இல் குடும்பத்தோடு மன்னார்ப் பக்கம் போய் வள்ளம் ஏறினார்களாம். மண்டபம் முகாமில் இறங்கியதுவரை தெரியும். அங்கிருந்து தமிழ்நாட்டின் எந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

இதைத்தான் தொலைபேசியில் அந்த அம்மாவுக்குச் சொன்னேன். "அப்ப தண்ணியத் தாண்டிட்டாரு" என்றார். பிறகு அம்மாவிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னார். இரண்டு பேரும் எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்தக் கங்காணி என்று நெடுநேரம் கதைத்துக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களை விசாரிக்க வருகிற ஞாயிறு அம்மாவும் நானும் மன்னாருக்குப் போகிறோம்.